காற்றில் வந்த குரலுக்குப் பூட்டு

2014 ஜூலை 17. நியூயார்க் நகரத்தின் ஸ்டேட்டன் தீவில், வரி கட்டாத சிகரெட்டைச் சில்லறையாக விற்றார் என்று சொல்லி எரிக் கார்னரைப் போலீஸார் சூழ்ந்துகொண்டார்கள். ஒரு காவலர் பின்னாலிருந்து அவருடைய கழுத்தைக் கையால் வளைத்துக் கீழே சாய்த்தார். மூச்சு விட முடியவில்லை என்று கார்னர் 11 முறை சொன்னார். அவர் பிழைக்கவில்லை. காவல்துறை தனக்குள் தயாரித்த முதல் அறிக்கையில் கழுத்தைப் பிடித்த விஷயமே இல்லை.

உலகம் அதைத் தெரிந்துகொண்டது ஒரு கைப்பேசிக் காணொளியால். அந்தக் காணொளி உலகத்தின் கைக்கு வந்த வழி பலருக்கும் தெரியாது. காவல்துறை ரேடியோவில் வந்த பேச்சைக் கேட்டுச் சம்பவ இடத்துக்கு விரைந்த 'டெய்லி நியூஸ்' நாளிதழ்தான் அதைத் தேடிப் பிடித்து வெளியிட்டது. கழுத்தைப் பிடித்த காவலர் 2019 ஆகஸ்டில் பணிநீக்கம் செய்யப்பட்டார். ரேடியோவை யாரும் கேட்டிருக்காவிட்டால், காவல்துறையின் காகிதத்தில் இருந்ததே கார்னரின் கதையாகவும் இருந்திருக்கும்.

அந்த ரேடியோவைத்தான் நியூயார்க் காவல்துறை பூட்டத் தொடங்கியது. 2023 ஜூலையில் புரூக்ளினின் வடக்குப் பகுதியில் சில காவல் நிலையங்களின் சேனல்கள் மறையாக்கத்துக்கு மாறின. என்கிரிப்ஷன் என்று நாம் வாட்ஸ்அப்பில் பார்த்துப் பழகிய அதே உத்திதான். சாவி உள்ள ரேடியோவில் மட்டும் குரல் கேட்கும். மற்றவர்களுக்கு இரைச்சல் அல்லது மௌனம். நகரம் முழுவதும் புதிய ரேடியோ முறையைக் கொண்டுவரும் இந்தத் திட்டத்தின் மதிப்பு 39 கோடி டாலர். 1932-இல் நியூயார்க் போலீஸார் ரேடியோவுக்கு வந்தார்கள். 90 ஆண்டுகளாக யார் வேண்டுமானாலும் கேட்கக்கூடியதாக இருந்த குரல் அது.

நியூயார்க் இதில் தனியாக இல்லை. டென்வர் 2019-இல் மூடியது. சிகாகோ 2022-இல் ஆரம்பித்தது. கலிஃபோர்னியாவில் ஊர் ஊராக மூடினார்கள். அமெரிக்கக் காவல்துறையின் மீது அந்த நாட்டு மக்களுக்கு இருந்த மிகப் பழைய கண்காணிப்பு உரிமை ஒன்று, பெரிய விவாதம் இல்லாமல், தொழில்நுட்ப மேம்பாடு என்ற பெயரில் கைநழுவிக்கொண்டிருக்கிறது. இதைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டும் என்று நினைக்கிறேன், கேட்கும் உரிமை இந்தியாவில் நமக்கு என்றுமே இருந்ததில்லை என்பதாலேயே.

வயலின் வாசித்தால்தான் திருடனைப் பிடிக்கலாமா?

காவல் ரேடியோ பிறந்தது ஒலிபரப்பாக. 1920-களின் தொடக்கத்தில் டெட்ராய்ட் காவல்துறை 'கேஓபி' என்ற நிலையத்தை நடத்தியது. போலீஸுக்கென்று தனி உரிமம் அப்போது கிடையாது. மற்ற வானொலிகளைப்போல் இசையும் நிகழ்ச்சியும் போட வேண்டும், நடுவே திருட்டுபோன கார்களின் எண்ணைச் சொல்லிக்கொள்ளலாம். ஒரு குற்றவாளியைப் பிடிக்க ஆள் அனுப்பும் முன் வயலின் வாசிக்க வேண்டுமா என்று ஆணையர் வில்லியம் ரட்லெட்ஜ் கொதித்துப்போனார். வண்டியின் குலுக்கலுக்குத் தாங்கும் ரிசீவரைச் செய்வதும் பெரும்பாடாக இருந்தது. 1928 ஏப்ரல் 7-ஆம் தேதிதான் முறையான சேவை தொடங்கியது. அதுவும் ஒருவழிப் பேச்சு. கட்டுப்பாட்டு அறை சொல்வதை வண்டியில் உள்ளவர் கேட்கலாம். பதில் சொல்ல வேண்டுமானால் எங்காவது தொலைபேசியைத் தேடி ஓட வேண்டும். இருவழிப் பேச்சு 1933-இல் நியூ ஜெர்சியின் பயோன் நகரில் வந்தது.

அந்த அலைவரிசை சாதாரண வானொலி நிலையங்களுக்குப் பக்கத்திலேயே இருந்தது. 1930-களில் விற்ற பல வீட்டு ரேடியோப் பெட்டிகளின் டயலில் 'போலீஸ்' என்றே அச்சிட்டிருந்தார்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு குடும்பமே உட்கார்ந்து கேட்கலாம். ஒட்டுக் கேட்கிறோம் என்ற கூச்சம் யாருக்கும் இருக்கவில்லை. ஊர்ப் பணத்தில் நடக்கும் ஊர்க் காவல், அதை ஊர் கேட்கிறது.

அதைத் தொழிலாகவே ஆக்கியவர் ஆர்தர் ஃபெலிக். 'வீஜி' என்றால்தான் தெரியும். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து சிறுவனாக வந்தவர். 1938-இல் தன் செவ்ரலே காரில் போலீஸ் ரேடியோ வைத்துக்கொள்ள அனுமதி வாங்கினார். காரின் டிக்கியில் டைப்ரைட்டர், ஃபிளாஷ் பல்புகள், தீயணைப்பு வீரர் போடும் பூட்ஸ், சுருட்டு, சாப்பிட சலாமி. போலீஸ் தலைமையகத்துக்கு எதிரே வாடகை அறை. கொலை, தீ விபத்து, கைது என்று நியூயார்க்கின் இரவுகளை அவர் படமெடுத்தது 1945-இல் 'நேக்கட் சிட்டி' என்ற புத்தகமானது. ரத்தத்தை விற்றார் என்று அவரைக் குறை சொல்பவர்கள் உண்டு, அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் அவர் படங்களில் சடலத்தைவிட அதைச் சுற்றி நிற்கும் முகங்களே அதிகம். ஏழைகள் நிறைந்த ஒரு நகரத்தின் இரவை அதற்கு முன் அவ்வளவு நெருக்கத்தில் பார்த்தவர்கள் குறைவு.

வீஜியின் காருக்குப் பிறகு ஸ்கேனர் வந்தது. கையில் அடங்கும் பெட்டி. பழைய செட்டுகளில் சிவப்பு விளக்கு ஒரு சேனலிலிருந்து அடுத்ததற்கு ஓடிக்கொண்டே இருக்கும். எங்கே பேச்சு வருகிறதோ அங்கே நிற்கும். ஒரு கரகரப்பு, பிறகு குரல். நியூயார்க்கில் கட்டுப்பாட்டு அறையை 'சென்ட்ரல்' என்று கூப்பிடுவார்கள். ரோந்து வண்டிகளுக்கு 'ஆடம்', 'பாய்', 'சார்லி' என்று பகுதிப் பெயர்கள். சொல்லி முடித்ததும் 'கே' என்பார்கள். முகவரி, எந்த மாடி, என்ன புகார், ஆம்புலன்ஸ் வேண்டுமா. முக்கால்வாசி நேரம் சலிப்பூட்டும் பேச்சுதான்: சத்தமாகப் பாட்டு வைத்திருக்கிறார்கள், லிஃப்டில் மாட்டிக்கொண்டார்கள், வாசலை மறித்துக் கார் நிற்கிறது. திடீரென்று '10-13' என்ற எண் வந்தால் எல்லாக் குரலும் மாறிவிடும். சக காவலர் ஆபத்தில் இருக்கிறார், ஓடி வாருங்கள் என்று அர்த்தம்.

இதை யாரெல்லாம் கேட்கிறார்கள்? செய்தி அறைகளில் மேசை ஓரத்தில் நாளெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். தன்னார்வ ஆம்புலன்ஸ் குழுக்கள் கேட்கின்றன. அரசு ஆம்புலன்ஸ் வருவதற்கு முன் பல நேரம் அவர்கள் போய்ச் சேர்கிறார்கள். பழுதான வண்டியை இழுத்துச் செல்லும் டிரக் ஓட்டுநர், ஓய்வுபெற்ற காவலர், பணியில் இருக்கும் கணவனை நினைத்துக்கொண்டிருக்கும் மனைவி. பின்னாளில் 'பிராட்காஸ்டிஃபை' போன்ற சேவைகளால் ஸ்கேனர் கைப்பேசிக்குள் வந்தது. மினியாபொலிஸில் போலீஸ் கையில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்ட 2020-இல் போராட்டங்கள் வெடித்தபோது ஸ்கேனர் செயலிகள் பதிவிறக்கப் பட்டியலின் மேல்வரிசைக்கு வந்தன. தெருவில் என்ன நடக்கிறது என்று தொலைக்காட்சிக்கு முன் தெரிந்துகொள்ள மக்கள் நாடியது அதைத்தான்.

அமெரிக்கச் சட்டம் இதை அனுமதிக்கிறது. மின்னணுத் தகவல் தொடர்பின் அந்தரங்கத்தைக் காக்க 1986-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமே, பொதுமக்களுக்கு எளிதில் எட்டும் காவல், தீயணைப்பு ரேடியோவைக் கேட்பது குற்றமில்லை என்று விதிவிலக்குத் தருகிறது. காரில் ஸ்கேனர் வைக்க நியூயார்க் உட்படச் சில மாநிலங்கள் கட்டுப்பாடு போட்டிருக்கின்றன. வீட்டில் கேட்பதற்குத் தடையில்லை. இந்தியாவில் 1933-ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டம் உரிமம் இல்லாமல் ரிசீவர் வைத்திருப்பதையே குற்றமாக்கியது. வெள்ளையர் ஆட்சி தன் பாதுகாப்புக்காகப் போட்ட சட்டத்தைச் சுதந்திர இந்தியா தலைமுறை தலைமுறையாகக் கட்டிக்காத்தது. பிரிட்டனிலும் போலீஸ் ரேடியோவைக் கேட்பது சட்டப்படி தவறுதான். அமெரிக்கா இதில் ஓர் அபூர்வ விதிவிலக்கு.

போலீஸ் சொல்லும் காரணங்கள்

மறையாக்கத்துக்குப் போலீஸ் சொல்லும் காரணங்களை ஒதுக்கிவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. திருடப் போகிறவன் ஸ்கேனரைக் கேட்டுக்கொண்டே திருடலாம். ஒரு வீட்டைப் போலீஸார் சுற்றி வளைக்கும்போது உள்ளே துப்பாக்கியோடு இருப்பவன் கைப்பேசியில் அவர்களுடைய ஒவ்வோர் அடியையும் கேட்கலாம். 2020 மே மாத இறுதியில் சிகாகோவில் போராட்டம் உச்சத்தில் இருந்த இரவுகளில், யாரோ போலீஸ் அலைவரிசைக்குள் புகுந்து பாட்டுப் போட்டார்கள். உதவி கேட்கும் காவலரின் குரல் அதில் அமுங்கிப்போனால் உயிர் போகும். சிகாகோ நகராட்சி மறையாக்கத்துக்குச் சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று.

2013 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பிறகு நடந்தது இன்னும் கசப்பானது. தேடுதல் வேட்டை நடந்த இரவில் ஆயிரக்கணக்கானோர் ஸ்கேனரைக் கேட்டு, கேட்டதை அப்படியே சமூக ஊடகத்தில் எழுதினார்கள். காவலர்கள் நிற்கும் இடத்தைப் பரப்ப வேண்டாம் என்று பாஸ்டன் போலீஸ் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. அதைவிடக் கொடுமை, காணாமல்போயிருந்த இந்திய வம்சாவளி மாணவர் ஒருவரின் பெயர் ஸ்கேனரில் குற்றவாளியாகச் சொல்லப்பட்டது என்று ஒரு வதந்தி காட்டுத்தீயாகப் பரவியது. பின்னர் ஒலிப்பதிவுகளைத் தேடிப் பார்த்த பத்திரிகையாளருக்கு அந்தப் பெயர் எங்கும் கிடைக்கவில்லை. அந்த மாணவர் ஏற்கெனவே இறந்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. மகனைத் தேடிக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தின் மேல் விழுந்த அந்தப் பழிக்கு யாராலும் ஈடு செய்ய முடியாது.

தனிநபர் தகவல் என்ற காரணம்தான் எனக்கு எல்லாவற்றிலும் கனமாகப் படுகிறது. ஒரு வண்டியை நிறுத்தினால் ஓட்டுநரின் பெயர், பிறந்த தேதி, உரிம எண் எல்லாம் ரேடியோவில் வாசிக்கப்படும். கணவன் அடித்தான் என்று புகார் கொடுத்த பெண்ணின் முகவரி வாசிக்கப்படும். குற்றமே செய்யாதவரின் விவரம் ஊருக்கெல்லாம் எதற்கு? 2020 அக்டோபரில் கலிஃபோர்னியா மாநில நீதித்துறை ஒரு குறிப்பாணை அனுப்பியது: இத்தகைய விவரங்களைக் காக்க வேண்டும், ரேடியோவை மறையாக்கம் செய்யலாம், அல்லது அந்த விவரங்கள் மட்டும் திறந்த சேனலில் வராதபடி விதி வகுக்கலாம். இரண்டு வழிகளும் அதில் இருந்தன. பல ஊர்கள் முதல் வழியை மட்டும் பார்த்து மொத்தமாக மூடிவிட்டன.

இந்த இடத்தில்தான் எனக்கு உடன்பாடு முடிகிறது. மனிதர்களின் அந்தரங்கம் வேறு, அரசு அமைப்பின் ரகசியம் வேறு. முன்னதைக் காட்டிப் பின்னதை வாங்கிக்கொள்கிறார்கள். பிணைக்கைதி மீட்பு, போதைக் கடத்தல் கண்காணிப்பு போன்றவற்றுக்கு மறையாக்கம் செய்த சேனல்கள் பல காவல்துறைகளிடம் ஏற்கெனவே உண்டு. அவற்றைத் திறக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. இன்ன தெருவுக்குப் போ, அங்கே சண்டை என்று அனுப்பும் அன்றாடச் சேனலைத்தான் மக்கள் கேட்கிறார்கள்.

யாரும் கேட்கவில்லை என்று நினைக்கும்போது காவலர்கள் என்ன பேசுவார்கள் என்பதற்கு லாஸ் ஏஞ்சலிஸ் சாட்சி. 1991-இல் ராட்னி கிங் என்பவர் போலீஸாரால் தாக்கப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட கிறிஸ்டோபர் ஆணையம், ரோந்து வண்டிகளில் இருந்த கணினிகள் வழியாகக் காவலர்கள் பரிமாறிக்கொண்ட செய்திகளை எடுத்துப் படித்தது. திறந்த ரேடியோவில் சொல்லத் தயங்குபவை அங்கே எழுத்தில் இருந்தன: அடித்ததைப் பற்றிய பெருமை, கறுப்பினத்தவர் மீதும் லத்தீன் அமெரிக்கர் மீதும் இழிசொற்கள், நூற்றுக்கணக்கில். மேலதிகாரிகள் அவற்றைக் கண்டுகொண்டதாகவும் தெரியவில்லை. 2020 போராட்டங்களின்போது நியூயார்க் ரேடியோவில், போராட்டக்காரர்கள் மீது வண்டியை ஏற்றச் சொல்லும் குரல் பதிவானது. சுடச் சொல்லும் குரலும் பதிவானது. அதை ரேடியோவில் சொல்லாதே என்று தடுத்த இன்னொரு குரலும் பதிவாகியிருக்கிறது. மக்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்ற நினைவுதான் அந்த மூன்றாவது குரலைப் பேசவைத்தது.

ஜார்ஜ் ஃபிளாய்ட் இறந்த அன்று மினியாபொலிஸ் போலீஸ் வெளியிட்ட செய்திக்குறிப்பின் தலைப்பு, போலீஸாருடனான சந்திப்பின்போது ஏற்பட்ட மருத்துவப் பிரச்சினையில் ஒருவர் மரணம் என்ற பொருளில் இருந்தது. காவல்துறை மட்டுமே சொல்லும் கதை எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

அரை மணி நேரம் கழித்து

எதிர்ப்பைத் தணிக்கச் சில நகரங்கள் நடுவழி தேடின. சிகாகோ 30 நிமிடம் தாமதித்து ஒலிபரப்புகிறது. தீ அணைந்த பின், கூட்டம் கலைந்த பின், காவலர்கள் தங்களுக்குள் பேசி ஒரு முடிவுக்கு வந்த பின் செய்தியாளர் போய் நிற்க வேண்டும். சாட்சிகளும் கைப்பேசிக் காணொளிகளும் அரை மணி நேரம் காத்திருப்பதில்லை. தெருவில் துப்பாக்கியோடு ஒருவன் திரிகிறான் என்றால் அந்தத் தெருவில் இருப்பவருக்கு அந்த 30 நிமிடம் எதற்கும் பயன்படாது.

டென்வர் வேறு மாதிரி முயன்றது. ஊடகங்களுக்கு மறையாக்க ரேடியோ தருகிறோம், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்றது. ரேடியோவின் பயன்பாட்டைச் சோதிக்கச் செய்தி நிறுவனத்தின் ஆவணங்களைப் பார்க்கும் அதிகாரமும் நிபந்தனைகளில் இருந்தது. பத்திரிகைகள் மறுத்துவிட்டன, மறுத்தது சரி. கண்காணிக்கப்பட வேண்டியவர் கண்காணிப்பவரின் அலமாரியைத் திறந்து பார்ப்பதை எந்த ஆசிரியரும் ஏற்க முடியாது. 2021-இல் கொலராடோ ஒரு சட்டம் போட்டது: ரேடியோவை மூடும் காவல்துறைகள் ஊடகங்களுக்கு வழிவிடும் கொள்கை ஒன்றை வகுக்க வேண்டும். அதிலும் எது ஊடகம், யார் பத்திரிகையாளர் என்பதை முடிவு செய்யும் வாய்ப்பு மறுபடி காவல்துறையிடமே போகிறது. தனியாக அலையும் புகைப்படக்காரரும் தெருக்கோடியில் ஆம்புலன்ஸ் ஓட்டும் தன்னார்வலரும் அந்தப் பட்டியலில் வரமாட்டார்கள்.

பூட்டு பாதுகாப்பைக் கூட்டுகிறதா என்பதும் நிச்சயமில்லை. 2001 செப்டம்பர் 11-இல் உலக வர்த்தக மையத்தின் வடக்குக் கோபுரம் சரியப்போகிறது என்று வானத்திலிருந்த போலீஸ் ஹெலிகாப்டர் எச்சரித்தது. உள்ளே இருந்த தீயணைப்பு வீரர்களுக்கு அது கேட்கவில்லை. அவர்களுடைய ரேடியோ வேறு. அன்று 343 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். அங்கே மறையாக்கம் காரணமில்லைதான். ஆனால் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காவிட்டால் என்ன ஆகும் என்று நியூயார்க்குக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2015 ஜனவரி 12-இல் வாஷிங்டனின் லான்ஃபான்ட் பிளாசா மெட்ரோ சுரங்கத்தில் புகை சூழ்ந்து ரயில் நின்றது. ஒரு பெண் இறந்தார். பலர் மருத்துவமனைக்குப் போனார்கள். இறங்கிய தீயணைப்பு வீரர்களின் ரேடியோக்கள் சுரங்கத்துக்குள் வேலை செய்யவில்லை. சில காலத்துக்கு முன்புதான் அவை மறையாக்கத்துக்கு மாறியிருந்தன. அதுவும் ஒரு காரணமோ என்ற சந்தேகம் எழுந்தது. அதன் பிறகு அங்கே தீயணைப்புத் துறை மறையாக்கத்தை விலக்கிக்கொண்டது.

பூட்டின் தரத்தையும் பார்க்க வேண்டும். அமெரிக்கக் காவல்துறைகள் பரவலாகப் பயன்படுத்தும் 'பி25' ரேடியோ முறையை மேட் பிளேஸ் தலைமையில் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்து 2011-இல் கட்டுரை வெளியிட்டார்கள். மறையாக்கம் ஓடுகிறது என்று நம்பி மத்தியப் புலனாய்வு முகவர்கள் திறந்த சேனலில் ரகசியங்களைப் பேசிக்கொண்டிருந்தார்கள், ஒன்றிரண்டு முறை இல்லை, தினந்தோறும். ரேடியோவிலுள்ள சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே பேசுபவருக்குத் தெரியாத வடிவமைப்பு. சிறுமிகள் செய்தி அனுப்பி விளையாடும் மலிவான பொம்மை ஒன்றை மாற்றியமைத்தே அந்த ரேடியோவைச் செயலிழக்கச் செய்யலாம் என்றும் காட்டினார்கள். ஐரோப்பாவில் பிறந்து உலகெங்கும் பரவிய 'டெட்ரா' முறையின் மறையாக்கச் சூத்திரம் 1990-களிலிருந்து ரகசியமாகவே காக்கப்பட்டது. 2023-இல் 'மிட்நைட் புளூ' என்ற டச்சு நிறுவனத்தின் மூன்று ஆய்வாளர்கள் அதைப் பிரித்துப் பார்த்தபோது, அதன் ஒரு வகையில் 80 பிட் சாவி என்று சொல்லிவிட்டு உள்ளுக்குள் 32 பிட்டாகச் சுருக்கியிருந்தது தெரிந்தது. சாதாரண மடிக்கணினியால் ஒரு நிமிடத்துக்குள் உடைக்கலாம். மறைத்து வைத்ததால் யாரும் சோதிக்கவில்லை. யாரும் சோதிக்காததால் ஓட்டை கால் நூற்றாண்டு அப்படியே இருந்தது. வசதியும் நோக்கமும் உள்ள கும்பலோ அந்நிய உளவாளியோ இப்படிப்பட்ட பூட்டுகளைத் தாண்ட வழி தேடுவார்கள். வெளியே நிற்கப்போவது உள்ளூர்ப் பத்திரிகையும் பொதுமக்களும்.

பாலோ ஆல்டோ செய்தது

நியூயார்க்கில் 2023 நவம்பரில் நகர மன்றம் விசாரணை நடத்தியது. பத்திரிகையாளர்களும் தன்னார்வ ஆம்புலன்ஸ் குழுக்களும் போய் முறையிட்டார்கள். ரேடியோவைப் பொதுமக்களுக்கும் ஊடகத்துக்கும் திறந்து வைக்க வேண்டும் என்று மாநில செனட்டர் மைக்கேல் ஜியானரிஸ் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். கலிஃபோர்னியாவில் செனட்டர் ஜாஷ் பெக்கர் 2022-இல் கொண்டுவந்த அதே மாதிரியான மசோதா தேறவில்லை. சட்டமன்றங்களில் போலீஸ் அமைப்புகளின் எதிர்ப்பைத் தாண்டுவது லேசான காரியமில்லை.

ஆனால் பெக்கரின் தொகுதிக்குள்ளேயே விடை இருந்தது. பாலோ ஆல்டோ, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தை ஒட்டிய ஊர். மாநிலக் குறிப்பாணையைக் காட்டி 2021 ஜனவரியில் அங்கே ரேடியோவை மூடினார்கள். முன்கூட்டி ஊரைக் கேட்கவில்லை. உள்ளூர்ப் பத்திரிகைகள் விடாமல் எழுதின. மன்ற உறுப்பினர்கள் கேள்வி கேட்டார்கள். அடுத்த ஆண்டு ஆண்ட்ரூ பைண்டர் காவல்துறைத் தலைவராக வந்ததும் கோப்பை எடுத்துப் பார்த்தார். 2022 செப்டம்பரில் சேனல் மறுபடி திறந்தது. குறிப்பாணையின் இரண்டாவது வழியை அவர் எடுத்துக்கொண்டார்: ஒருவருடைய பெயர், பிறந்த தேதி, உரிம எண் ஆகியவற்றைத் திறந்த ரேடியோவில் சேர்த்துச் சொல்லக் கூடாது, வண்டியிலுள்ள கணினியிலோ கைப்பேசியிலோ கேட்டுக்கொள்ள வேண்டும். கலிஃபோர்னியா நெடுஞ்சாலை ரோந்துப் படை, மாநிலம் முழுக்க ஆயிரக்கணக்கான காவலர்களோடு, தொடக்கத்திலிருந்தே ரேடியோவை மூடாமல் இப்படிச் சமாளித்துவந்தது.

பாலோ ஆல்டோவில் இதற்குப் புது ரேடியோ வாங்கவில்லை, சட்டத் திருத்தம் எதுவும் தேவைப்படவில்லை. காவலர்கள் பேசும் முறையில் ஒரு விதி மாறியது, அவ்வளவுதான்.